பஞ்சமி நிலம்: நிரூபிக்க வேண்டியது யார்?

தமிழ்நாட்டில் பஞ்சமி நிலம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முதலில் ஓர் எண்தான் வந்து நிற்கும்: 12 லட்சம் ஏக்கர். ஆங்கிலேயர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலம் இவ்வளவு என்று இயக்கங்கள் சொல்லும். அரசுத் தரப்பு அதைவிட மிகக் குறைவான கணக்கைக் காட்டும். மேடைக்கு அந்த எண் தேவைதான். ஆனால் ஒரு குடும்பம் தன் பாட்டன் உழுத இரண்டு ஏக்கரைக் கேட்டுத் தாலுகா ஆபீஸ் படியேறும்போது அது எதற்கும் உதவாது. அங்கே கேட்கப்படும் கேள்வியே வேறு: "உங்க தாத்தாவுக்குக் கொடுத்த உத்தரவு நகல் இருக்கா?"

பல மனுக்கள் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. பஞ்சமி நிலத்தை மற்ற சாதியினர் வாங்க முடியாது என்பதில் சட்டத்துக்குப் பெரிய குழப்பம் கிடையாது. ஒரு நிலம் பஞ்சமி நிலம்தான் என்பதை யார் நிரூபிக்க வேண்டும், எந்தக் காகிதத்தை வைத்து, யார் முன்னால் என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது.

கதை செங்கல்பட்டில் தொடங்குகிறது. அந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், அங்குள்ள பறையர் மக்களின் நிலை குறித்து 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். வறுமையைப் பற்றி ஆங்கிலேய அதிகாரிகள் எழுதியது நிறைய உண்டு. இந்த அறிக்கை வறுமையை விவரிப்பதோடு நிற்காமல், அது எந்த விதிகளால் கட்டிக் காக்கப்படுகிறது என்பதையும் பார்த்தது. அதனால்தான் இன்றைக்கும் அதற்கு மதிப்பு இருக்கிறது.

தொண்டை மண்டலக் கிராமங்களில் மிராசுதாரர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. பெரும்பாலும் பிராமணர், வேளாளர் போன்ற மேல்சாதியினர். உழுத நிலம் மட்டுமல்லாமல் ஊரின் தரிசு, நத்தம் எல்லாவற்றின் மீதும் தங்களுக்குப் பங்கு உண்டு என்று அவர்கள் உரிமை கொண்டாடினார்கள். அரசும் அதை ஓரளவு ஏற்றுக்கொண்டிருந்தது. தரிசு நிலம் கேட்டுச் சேரிக்காரர் ஒருவர் தர்காஸ்து மனு கொடுத்தால், மிராசுதாரருக்கு முன்னுரிமை உண்டு. "அது எனக்கு வேண்டும்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனு செத்துவிடும். வாங்கிய நிலத்தை அவர் உழ வேண்டும் என்றுகூட இல்லை. மனு கொடுத்தவர் மீண்டும் அவர் வயலுக்கே கூலிக்கு வந்தால் சரி.

இன்னொரு பிடியும் இருந்தது. சேரியில் வீடு இருக்கும் மனையே மிராசுதாரருக்குச் சொந்தம் என்று சொல்லப்பட்டது. அரசிடம் நிலம் கேட்கிற துணிச்சல் யாருக்காவது வந்தால், மறுநாள் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். நிலமும் கிடையாது, நிற்க இடமும் கிடையாது. படியாளாக, முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்வதைத் தவிர வேறு வழி எங்கே? அடிமை முறைக்குச் சட்ட ஆதரவு கிடையாது என்று 1843ஆம் ஆண்டின் சட்டம் சொல்லி அரை நூற்றாண்டு ஆகியும் ஊரில் பெரிதாக எதுவும் மாறாததற்கு இந்த நில ஏற்பாடும் ஒரு முக்கியக் காரணம்.

இந்த அறிக்கையை ஒட்டித்தான் 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை மாகாண அரசு 1010, 1010ஏ என்ற எண்களில் ஆணை வெளியிட்டது. தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒப்படை செய்யும், அதாவது அரசு நிலத்தை அவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் வழி பிறந்தது. அதன் கீழ் கொடுக்கப்பட்ட நிலங்களுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதல் பத்தாண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் அதே ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வாங்கியவருக்கு இழப்பீடு கிடையாது. வருவாய்ப் பதிவேடுகளில் 'டி.சி. நிலம்' (டிப்ரஸ்டு கிளாஸ், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்று குறிக்கப்பட்டவை இவைதான்.

நிபந்தனைகள் ஏன் என்பதை விளக்க வேண்டியதில்லை. கடன்பட்டவரிடம் கொடுக்கும் நிலம் மறு ஆண்டே கடன் கொடுத்தவரிடம் போய்ச் சேரும் என்பது அன்றைய அதிகாரிகளுக்கே தெரிந்திருந்தது.

இந்த நிபந்தனைகளின் சட்ட பலத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் நிலத்தை வாங்கியவர்களின் வக்கீல்கள் முதலில் கை வைக்கும் இடம் இது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி, ஒருவருக்குச் சொத்தைக் கொடுத்துவிட்டு அதை அவர் என்றைக்குமே விற்கக் கூடாது என்று முழுத் தடை போட்டால் அந்தத் தடை செல்லாது. அப்படியானால் பஞ்சமி நில நிபந்தனையும் செல்லாதே என்பது வாதம். ஆனால் அரசு கொடுக்கும் கொடைகளுக்கு 1895ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அரசு என்ன நிபந்தனையோடு கொடுத்ததோ அந்த நிபந்தனைதான் செல்லும், மற்றச் சட்டங்கள் குறுக்கே வர முடியாது என்கிறது அது. வருவாய் நிலையாணை 15 ஒப்படை விதிகளைச் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் இந்த நிபந்தனைகளை ஏற்று, பிறர் வாங்கியது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இவ்வளவு இருந்தும் நிலம் எப்படிப் போனது? ஒரே வழியில் போகவில்லை. கல்யாணக் கடனுக்கும் மருத்துவச் செலவுக்கும் பத்திரத்தில் கைநாட்டு வைத்துப் போனது உண்டு. குத்தகைக்கு என்று எடுத்துத் திருப்பித் தராமல் போனது உண்டு. பக்கத்து வயல்காரர் வரப்பை ஆண்டுதோறும் ஓர் அடி நகர்த்திப் போனதும் உண்டு. விதியைத் தெரிந்தவர்கள் வேறு விதமாகச் செய்தார்கள்: தங்களிடம் வேலை பார்க்கும் தலித் ஒருவரின் பெயரில் கிரயம் வாங்கி, பொது அதிகாரப் பத்திரத்தைத் தங்கள் பெயருக்கு எழுதிக்கொண்டார்கள். சென்னையைச் சுற்றி ரியல் எஸ்டேட் வந்த பிறகு, குறிப்பாகச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம், ஏக்கர் கணக்கில் சேர்த்து வாங்கி, மனை போட்டு, கல் நட்டு விற்பது நடந்தது. பதிவு அலுவலகம் தடுக்காதா என்று கேட்கலாம். அங்கே பத்திரம்தான் பதிவாகிறது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர விசாரித்துச் சான்று கொடுப்பது அந்த அலுவலகத்தின் வேலையாக இருந்ததில்லை. இந்தியாவில் கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டால் சொத்து உறுதியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னமும் ஏராளம். அது விற்பனை நடந்ததற்கான சாட்சி, அவ்வளவுதான்.

இதையெல்லாம் விடப் பெரிய சேதம், என் கணிப்பில், சத்தமில்லாமல் நடந்த ஒன்று. 1979இல் தொடங்கி 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நில உடைமைப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. யூ.டி.ஆர். என்றால் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். நோக்கம் நல்லதுதான். பட்டா தாத்தா பெயரில், அனுபவம் பேரன் கையில் என்று கிடந்த பதிவுகளை உள்ளபடி சரிசெய்ய வேண்டும். அதற்கு, அந்த நேரத்தில் யார் அனுபவத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பெயர் எழுதினார்கள். பஞ்சமி நிலத்தில் அனுபவத்தில் இருந்தவர் பல இடங்களில் வாங்கக் கூடாதவர். அவர் பெயருக்குப் பட்டா ஆனது. கிராமத்து நிலங்களை சர்வே எண் வாரியாகச் சொல்லும் பழைய 'அ' பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருந்த 'டி.சி.' என்ற இரண்டு எழுத்து பல கிராமங்களில் புதிய பதிவேட்டுக்கு வரவே இல்லை. சர்வே எண்களும் உட்பிரிவாகி மாறின. பின்னாளில் கணினியில் ஏற்றப்பட்டது இந்தப் புதிய பதிவேடுதான். ஆக, இன்று இணையத்தில் சிட்டா எடுத்துப் பார்க்கும் ஒருவருக்கு அது சாதாரண ரயத்துவாரி பட்டா நிலமாகவே தெரியும்.

அப்புறம் அந்தக் குடும்பம் மனு கொடுக்கிறது. அவர்கள் காட்ட வேண்டியவற்றை எண்ணிப் பாருங்கள். நிலம் டி.சி. நிலமாக ஒப்படை ஆனது என்பதற்கு மூல உத்தரவு அல்லது பழைய பதிவேட்டின் நகல். பழைய சர்வே எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள தொடர்பு. ஒப்படை பெற்றவருக்குத் தாங்கள்தான் வாரிசு என்ற சான்று, அதுவும் மூன்று தலைமுறைக்கு. ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்திருப்பார்கள், தகப்பன் பெயர் பதிவேட்டில் பாதி அழிந்திருக்கும். இந்த ஆவணங்களில் வாரிசுச் சான்றைத் தவிர மற்றவை எதுவும் அந்தக் குடும்பத்தின் கையில் என்றைக்குமே இருந்ததில்லை. எல்லாம் வருவாய்த் துறையின் அலமாரியில் இருந்தவை. அந்தத் துறையே, "எங்களிடம் அந்தப் பதிவேடு சிதிலமாகிவிட்டது, நீங்கள் கொண்டுவாருங்கள்" என்று சொன்னால், தொலைத்தவரே தேடி வந்தவரிடம் ரசீது கேட்கிற கதைதான்.

2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது ஓரளவு கை கொடுத்தது. ஊர் ஊராகப் பழைய 'அ' பதிவேட்டு நகல் கேட்டு வாங்கிய இளைஞர்களால்தான் பல சர்வே எண்கள் வெளிச்சத்துக்கு வந்தன. ஆனால் நகல் கிடைப்பதும் நிலம் கிடைப்பதும் ஒன்றல்ல. தாசில்தார் அறிக்கை அனுப்ப வேண்டும், கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும், மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு, அங்கிருந்து உயர் நீதிமன்றத்தில் ரிட், தடையாணை. எதிர்த் தரப்பு நிலத்தை வைத்துக்கொண்டே வழக்கு நடத்துகிறது. மனு கொடுத்தவர் கூலியை விட்டுவிட்டு வாய்தாவுக்குப் போகிறார்.

இந்தப் பின்னணியில்தான் 1994ஐப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி மக்கள் திரண்டார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். திரமென்ஹீர் அறிக்கையைப் பரவலாகப் பேசவைத்தது அந்தப் போராட்டம்தான். நூறு ஆண்டுகளாகத் தாலுகா ஆபீஸ் கோப்பில் கிடந்த ஓர் ஆணை அரசியல் கோரிக்கை ஆனது. 2011இல் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் அரசு ஒரு குழுவும் அமைத்தது. குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை.

சொல்ல வேண்டியது பக்கத்து மாநிலத்தைப் பற்றி. கர்நாடகத்திலும் இதே சிக்கல்தான்: தலித், பழங்குடி மக்களுக்கு அரசு கொடுத்த நிலம் மற்றவர் கைக்குப் போயிருந்தது. 1978இல் அங்கே ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1979 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பி.டி.சி.எல். சட்டம் என்று சொல்வார்கள். ஒப்படை நிபந்தனையை மீறி நடந்த கைமாற்றங்கள், சட்டம் வருவதற்கு முன்பு நடந்தவை உட்பட, செல்லாது என்று அது அறிவித்தது. இனி விற்பதற்கு அரசின் முன் அனுமதி வேண்டும். பாதிக்கப்பட்டவர் மனு கொடுக்கலாம். அவர் கொடுக்காவிட்டாலும் உதவி ஆணையர் தாமாகவே விசாரணை தொடங்கலாம்.

என் கண்ணுக்கு அந்தச் சட்டத்தின் உயிர் ஐந்தாம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவில் இருக்கிறது. ஒப்படை நிலம் அதைப் பெற்றவர் அல்லது அவர் வாரிசு அல்லாத ஒருவர் கையில் இருந்தால், அது செல்லாத கைமாற்றத்தால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது வைத்திருப்பவர் பொறுப்பு. சாட்சிச் சுமை அப்படியே இடம் மாறுகிறது. ஆவணம் தேடி அலைய வேண்டியவர், வக்கீலும் வசதியும் உள்ள மற்றத் தரப்பு. நிலம் ஒப்படை நிலம்தான் என்ற முதல் படியைத் தாண்டியாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு விதி பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு இணையான தனிச் சட்டம் இல்லை. நிலையாணையும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் வைத்தே எல்லாம் ஓடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தலித் நிலத்தைச் சட்டவிரோதமாக அனுபவிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது; ஆனால் குற்ற வழக்கில் ஒருவரைத் தண்டிப்பதும் பட்டாவைத் திருத்துவதும் வெவ்வேறு வேலை.

கர்நாடகச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உறுதி செய்தது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நீண்டகால அனுபவத்தால் முழு உரிமை அடைந்துவிட்டவர்களை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னது. அரசு நிலத்தில் எதிரிடை அனுபவத்துக்கு 30 ஆண்டுகள், தனியார் நிலத்தில் 12 ஆண்டுகள். ஒப்படை செய்த நிலம் யாருடைய நிலம் என்ற கேள்வியில் அப்புறம் வருடக்கணக்கில் வழக்காடினார்கள். 2017இல் நெக்கந்தி ராமலட்சுமி வழக்கில் இன்னொரு முட்டுக்கட்டை வந்தது: சட்டத்தில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டாலும், நியாயமான காலத்துக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஏராளமான மனுக்கள் இதைக் காட்டியே தள்ளுபடியாயின. இருபது, முப்பது ஆண்டு கழித்து வருகிறவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று கருதும் சட்ட மனம் இது. அந்த இருபது ஆண்டும் அவர் அதே நிலத்தில் கூலிக்கு வேலை பார்த்திருக்கக்கூடும் என்பதும், மனு கொடுத்தால் வேலை போகும் என்பதும் அதன் கணக்கில் வருவதில்லை. 1891 அறிக்கை சொன்ன அதே பிடி. 2023இல் கர்நாடகச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்து, காலதாமதம் மனுவுக்குத் தடையில்லை என்று எழுதிச் சேர்த்தது.

வாங்கியவர் பக்கத்து நியாயத்தையும் பேசாமல் போக முடியாது. முப்பது ஆண்டு சம்பளத்தைச் சேர்த்து வைத்து அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டியவர், அது ஒரு காலத்தில் டி.சி. நிலம் என்று கேட்டால் இடிந்துபோவார். அவர் சிட்டா பார்த்தார், வில்லங்கச் சான்று பார்த்தார், வங்கியே கடன் கொடுத்தது. அவரைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம். ஆனால் இந்த அநியாயத்தைச் சொல்லியே நூறு ஏக்கர் வளைத்த லே-அவுட் கம்பெனியும் அவர் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். கட்டிய வீட்டை இடிக்காமல், நிலம் இழந்த குடும்பத்துக்கு மாற்று நிலமோ சந்தை மதிப்போ கொடுத்து, அந்தத் தொகையை லே-அவுட் போட்டு விற்றவரிடமும் பட்டா மாற்றிக் கொடுத்த அரசிடமும் வசூலிக்கலாம். வெறும் காலியிடமாகவும் தோப்பாகவும் கிடப்பதற்கு இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே தயங்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நிலம் திரும்பினால் யாருக்குப் போகும் என்பதும் அதிகம் பேசப்படாத ஒன்று. நிபந்தனை மீறலுக்காக ஒப்படை ரத்தானால் நிலம் முதலில் அரசுக்குப் போகிறது. பிறகு நிலமற்ற தலித் ஒருவருக்கு மறு ஒப்படை செய்யலாம். அது மனு கொடுத்து அலைந்த குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. "உன் தாத்தாதானே விற்றார்" என்று சொல்லி அவர்களைக் கழித்துவிட இடம் இருக்கிறது. ஏமாற்றி வாங்கப்பட்டதையும் மனமுவந்து விற்றதையும் ஒன்றாக வைக்கும் விதி, போராடுகிறவர்களின் ஊக்கத்தையே குறைக்கிறது.

எதிர்த் திசையில் ஒரு வாதமும் உண்டு. விற்க முடியாத, வங்கியில் முழு மதிப்புக்கு அடமானம் வைக்க முடியாத நிலம் என்ன சொத்து? மற்றவர் நிலம் கோடிக்குப் போகும்போது பக்கத்தில் இருக்கும் தலித் நிலம் மட்டும் பாதி விலைக்கு ஏன் கிடக்க வேண்டும்? இந்த வாதத்தைச் சொல்பவர்களில் ரியல் எஸ்டேட்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் தலித் விவசாயிகளும் இருக்கிறார்கள். ஆந்திரப் பிரதேசத்தில் 1977 முதல் ஒப்படை நிலம் கைமாறத் தடைச் சட்டம் இருந்தது. 2023இல் அதைத் திருத்தி, ஒப்படையாகி 20 ஆண்டு கடந்த நிலத்துக்கு மூலப் பயனாளிகளுக்கு விற்கும் உரிமை கொடுத்தார்கள். முழு உரிமை என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாசனமும் கடனும் விளைபொருளுக்கு விலையும் இல்லாமல் விற்கும் உரிமை மட்டும் கிடைத்தால், அந்த உரிமையை எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டிய நிலைதான் வரும். அடமானப் பிரச்சினைக்குக் கூட்டுறவு வங்கி, ஆதிதிராவிடர் வீட்டுவசதி மேம்பாட்டுக் கழகமான தாட்கோ போன்ற அமைப்புகள் வழியாக விலக்கு கொடுப்பது ஒன்றும் முடியாத காரியமல்ல.

இப்போது தேடத் தொடங்கும் ஒருவர் எங்கே கை வைக்கலாம்? இணையச் சிட்டாவில் ஆரம்பித்தால் ஏமாற்றம்தான். யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டையும், அதற்கும் முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் சர்வே எண் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். தாலுகாவில் இல்லை என்றால் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கும் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கும் போகலாம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் பட்டியலைத் தனியாகக் கேட்பது அவசியம். இதை விட்டுவிடுவதால்தான் பல மனுக்கள் "சர்வே எண் பொருந்தவில்லை" என்று திரும்பி வருகின்றன. குறிப்புக் கலத்தோடு சேர்த்து முழுப் பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று எழுத வேண்டும். பெயர்க் கலம் மட்டும் நகலெடுத்துக் கொடுத்தால், தேவையான அந்த இரண்டு எழுத்து பதிவேட்டிலேயே தங்கிவிடும்.